ரயில் படம் போட்டதெல்லாம் ரயில்வே வாட்ச் இல்லை

பழைய பாக்கெட் வாட்ச் வாங்கப் போகிறவர் யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: டயலில் என்ன எழுதியிருக்கிறது, மூடியில் என்ன படம் இருக்கிறது என்று பார்த்து விலை பேசாதீர்கள். பின்மூடியைத் திறந்து மெஷினைப் பார்த்த பிறகு பேசுங்கள். திறந்து காட்ட மாட்டேன் என்கிற இடத்தில் வாங்கவே வேண்டாம். டயலில் யார் பெயரையும் போட்டுக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் விற்ற கடையின் பெயர் மட்டும் இருக்கும் டயல்கள் ஏராளம். கேஸை எப்போது வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம். மெஷினில் பொய் சொல்வதுதான் கஷ்டம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் ஒரு பழம்பொருள் கடையில் மூன்று வாட்ச்சை மொத்தமாக வாங்கினேன். மூன்றும் ஓடவில்லை. ஒன்றின் பின்மூடியில் நீராவி எஞ்சின் பொறித்திருந்தது. "வெள்ளைக்காரன் காலத்து ரயில்வே வாட்ச் சார், கார்டு வச்சிருந்தது" என்று சொல்லி, அதற்குத்தான் கூடுதல் விலை கேட்டார். இரண்டாவது, பெண்கள் சங்கிலியில் கோத்துக்கொள்ளும் சின்ன வெள்ளி வாட்ச். மூன்றாவது கனமான, கறுத்துப்போன, எந்த அலங்காரமும் இல்லாத ஒன்று. கண்ணாடியும் விரிசல். அதைக் கொசுறாகத் தள்ளிவிட்டார். நான் போனதே அந்தக் கொசுறுக்காகத்தான் என்று அவரிடம் சொல்லவில்லை.

முதலில் திறக்கும் விதம். கேஸின் ஓரத்தில் கீல் இருக்கிறதா என்று பாருங்கள். கீல் இருந்தால் எதிர்ப்பக்கம் நகம் நுழையும் அளவுக்கு ஒரு சிறு உதடு இருக்கும்; அங்கே நகத்தையோ முனை மழுங்கிய கத்தியையோ வைத்து மெல்ல நெம்பலாம். கீலும் இல்லை, உதடும் இல்லை என்றால் அது திருகு மூடி. உள்ளங்கையை மூடியில் அழுத்தி இடப்பக்கமாகத் திருப்ப வேண்டும். வழுக்கினால் ஒரு ரப்பர் பந்தை அழுத்தித் திருகினால் வந்துவிடும். திருகு மூடியைக் கத்தியால் நெம்பிப் பாழாக்கிய கேஸ்களைப் பார்த்தால் வயிறு எரியும். இன்னொரு எச்சரிக்கை: முள்ளிலும் எண்களிலும் மஞ்சள் பழுப்பாக ஒரு பூச்சு இருந்தால் அது இருட்டில் ஒளிரும் ரேடியப் பூச்சாக இருக்கலாம். ஒளிர்வது நின்று போயிருந்தாலும் கதிரியக்கம் நிற்காது. அதன் கண்ணாடியைத் திறந்து தூசியைக் கிளப்ப வேண்டாம்.

எஞ்சின் படம் போட்டதைத் திறந்தேன். எதிர்பார்த்தது போலவே ராஸ்கோஃப் வகை. இந்த மெஷினைத் தெரிந்துகொள்வது எளிது. ஸ்பிரிங் இருக்கும் டப்பா அளவுக்கு மீறிப் பெரிதாக, மெஷினின் நடுவையும் தாண்டி நிற்கும். வழக்கமான நடுச்சக்கரம் இருக்காது. சக்கரத்தைப் பல் பல்லாக நிறுத்தி நிறுத்தி விடும் கவையான பேலட்டில் சிவப்புக் கல்லுக்குப் பதிலாக இரண்டு எஃகு ஊசிகள் நிற்கும். ஜார்ஜ் ஃபிரெடெரிக் ராஸ்கோஃப் என்பவர் ஸ்விட்சர்லாந்தில் 1867-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த வடிவமைப்பு இது. கூலித்தொழிலாளியும் வாங்கும்படி 20 ஃபிராங்குக்கு ஒரு வாட்ச் என்பது அவர் திட்டம். உறுப்புகளை 57 ஆகக் குறைத்தார். அவருடையது நல்ல வாட்ச். பிறகு ஆளாளுக்கு அதே வகையை இன்னும் மலிவாகச் செய்து, மூடியில் எஞ்சினும் டயலில் 'ரெகுலேட்டர்' என்ற சொல்லும் போட்டு உலகம் முழுக்க விற்றார்கள். என்னுடையது அந்தக் கூட்டத்தில் ஒன்று. லூப் என்னும் பூதக்கண்ணாடியில் பார்த்தால் பேலட் ஊசிகளில் பள்ளம் விழுந்திருக்கிறது. கழுவி எண்ணெய் விட்டால் ஓடும், நேரத்தைச் சொல்லாது. ரயில் கம்பெனிகள் தங்கள் ஊழியருக்குக் கொடுத்த வாட்ச்களில் பெரும்பாலும் கம்பெனியின் முதலெழுத்துகளும் ஒரு வரிசை எண்ணும்தான் பொறித்திருக்கும். எஞ்சின் படம் வாங்குபவரைக் கவர்வதற்கு.

சின்ன வெள்ளி வாட்ச்சில் அதிகம் நிற்கத் தேவையில்லை. உள்மூடியில் 'ரெமோன்துவார், சிலிந்தர், 10 ரூபி' என்று பிரெஞ்சில் பொறித்திருந்தது. இதைக் கம்பெனிப் பெயர் என்று நினைத்து இணையத்தில் தேடுகிறவர்கள் நிறையப் பேர். சாவி இல்லாமல் கிரவுன் என்னும் குமிழைத் திருகி முறுக்கலாம், சக்கரங்களை நிறுத்தி நிறுத்தி விடும் அமைப்பான எஸ்கேப்மென்ட் சிலிண்டர் வகை, பத்து இடத்தில் தேய்மானம் குறைக்கும் கல் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. சிலிண்டர் வகையில் பேலட் ஃபோர்க்கே கிடையாது. பேலன்ஸின், அதாவது இங்கும் அங்கும் ஆடி நேரத்தைக் கணக்கிடும் சக்கரத்தின், அச்சே மெல்லிய எஃகுக் குழாய்; எஸ்கேப் சக்கரத்தின் பல் அந்தக் குழாய்க்குள் நுழைந்து வெளியேறும். 1726 வாக்கில் லண்டனில் ஜார்ஜ் கிரஹாம் செம்மைப்படுத்திய முறை. ஸ்விஸ்காரர்கள் மலிவு வாட்ச்சில் இருபதாம் நூற்றாண்டு வரை இதை விடவில்லை. என்னுடையதில் அந்தக் குழாய் ஒடிந்திருக்கிறது. புதிதாகக் கடைந்து போடும் ஆள் கிடைப்பது அரிது. மூடியில் 0.800 என்ற எண்ணும் காட்டுக்கோழி முத்திரையும் இருப்பதால் வெள்ளி உண்மை. அவ்வளவுதான், டப்பாவில் போட்டுவிட்டேன்.

இப்போது கொசுறு.

இதன் பின்மூடி திருகு வகை. திறந்ததும் பளபளவென்று நிக்கல் தட்டு, அதன்மேல் அலையலையாகக் கடைந்த கோலம். பேலன்ஸ் சக்கரம் தட்டுக்கு மேலே தனியாக நிற்கிறது. இப்படி ஒரே பெரிய தட்டு மெஷின் முழுவதையும் மூடி, பேலன்ஸ் மட்டும் மேலே நின்றால் அதை ஃபுல் பிளேட் என்பார்கள். தட்டில் பொறித்திருந்தவை: பி. எஸ். பார்ட்லெட், வால்தம் மாசச்சூசெட்ஸ், 17 ஜுவல்ஸ், அட்ஜஸ்டெட், சேஃப்டி பினியன், பிறகு ஒரு எட்டு இலக்க எண்.

பார்ட்லெட் என்று ஒரு வாட்ச் கம்பெனி கிடையாது. அவர் அமெரிக்காவின் வால்தம் வாட்ச் தொழிற்சாலையின் ஆரம்ப காலத்து ஊழியர். அவர் பெயரை ஒரு தரத்துக்கு வைத்தார்கள். அதே கம்பெனியின் வில்லியம் எல்லெரி, ஆப்பிள்டன் டிரேசி எல்லாம் இப்படித் தரப்பெயர்கள்தான். ஆபிரகாம் லிங்கனிடம் இருந்ததும் ஒரு வில்லியம் எல்லெரி. தரத்தைச் சொல்வது ஒரு பெயர், தட்டின் அமைப்பைச் சொல்வது இன்னொரு பெயர். அமைப்புக்கு வடிவமைத்த ஆண்டையே மாடல் எண்ணாக வைத்தார்கள். என்னுடையது 1883 மாடல். அதனால் இது 1883-இல் செய்தது என்று ஆகாது. அந்த மாடலைப் பல ஆண்டுகள் செய்தார்கள். ஆண்டைத் தெரிந்துகொள்ள மெஷின் எண்ணைப் பார்க்க வேண்டும். ஒரு கோடியே ஐந்து லட்சத்தில் தொடங்கும் எண் இது. வால்தம் எண் பட்டியல்படி 1901-ஐ ஒட்டி வருகிறது. இந்தப் பட்டியல்கள் தோராயமானவை, ஒன்றிரண்டு ஆண்டு முன்பின் இருக்கலாம்.

இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். கேஸின் உள்ளேயும் ஓர் எண் இருக்கும். அது கேஸ் செய்த கம்பெனியின் எண். அதை வைத்து வால்தம் பட்டியலில் தேடினால் சம்பந்தமில்லாத ஓர் ஆண்டு கிடைக்கும். அமெரிக்காவில் அப்போது மெஷினைத் தனியாகவும் கேஸைத் தனியாகவும் விற்றார்கள். நகைக்கடையில் ஒரு மெஷினைத் தேர்ந்தெடுத்து, கையிருப்புக்கு ஏற்ற கேஸில் பொருத்தி வாங்கிப் போவார்கள். இது சாத்தியமானதற்குக் காரணம் எல்லோரும் ஒரே அளவுமுறையைப் பின்பற்றியது. பூஜ்ய அளவு என்றால் ஓர் அங்குலமும் முப்பதில் ஐந்து பங்கும். அதற்கு மேல் ஒவ்வோர் அளவுக்கும் முப்பதில் ஒரு பங்கு கூடும். டயல் பக்கத்துத் தட்டின் விட்டத்தை வெர்னியரில் அளந்தேன்: 44.9 மில்லிமீட்டர். 18-ஆம் அளவுக்குக் கணக்கு 44.87. சரியாக இருக்கிறது. ஸ்விஸ் மெஷினாக இருந்தால் லீன் என்ற அலகில் சொல்ல வேண்டும். ஒரு லீன் 2.256 மில்லிமீட்டர்.

அடுத்து, கிரவுன் இருக்கும் இடம். மூடி இல்லாத பாக்கெட் வாட்ச்சில் கிரவுன் 12 மணிக்கு மேலே இருப்பதுதான் வழக்கம். இதில் 3 மணிக்கு நேராக இருக்கிறது. டயலைக் கோணலாக மாட்டிவிட்டார்களோ என்று முதலில் தோன்றும். அப்படியில்லை. முன்பக்கம் தட்டென்று திறக்கும் மூடி உள்ள ஹண்டர் கேஸுக்காகச் செய்த மெஷின் இது. ஹண்டரில் கிரவுன் 3 மணிப் பக்கம்தான் வரும். அப்படிப்பட்ட மெஷினை மூடியில்லாத கேஸில் மாட்டினால் இப்படி ஆகும். சேகரிப்பவர்கள் இதை சைட்விண்டர் என்பார்கள். சிலர் புதிதாக வாங்கும்போதே இப்படி மாட்டி வாங்கியதும் உண்டு. அதனால் கேஸையும் சோதித்தேன். மெஷினைக் கேஸோடு பிடிக்கும் திருகுகள் கேஸின் உள்விளிம்பில் அழுந்தித் தடம் பதிக்கும். இதில் இரண்டு ஜோடித் தடங்கள் இருந்தன. ஒரு ஜோடி இந்த மெஷினின் திருகுகளோடு பொருந்துகிறது, இன்னொன்று பொருந்தவில்லை. ஆக, இந்தக் கேஸில் முன்பு வேறு மெஷின் இருந்திருக்கிறது. இந்த மெஷினின் பழைய ஹண்டர் கேஸ் தங்கமாக இருந்திருக்கும், பணமுடை வந்தபோது உருக்கியிருப்பார்கள் என்பது என் ஊகம். தங்க விலை ஏறும்போதெல்லாம் உலகம் முழுக்க நடந்த கதைதான்.

இப்போதைய கேஸின் உள்ளே 'சில்வராய்டு' என்று இருக்கிறது. வெள்ளி என்று நம்பி ஏமாற வேண்டாம். சில்வராய்டு, சில்வரைன் எல்லாம் நிக்கல் கலவை. வெள்ளி ஒரு துளியும் கிடையாது. ஆனால் உறுதியான கேஸ்.

நேரம் மாற்றும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் பழைய அமெரிக்க வாட்ச்கள் உடைகின்றன. கிரவுனை இழுத்தால் முள் நகரவில்லை என்று இன்னும் பலமாக இழுப்பார்கள். இது லீவர் செட். முன்கண்ணாடி வளையத்தைத் திருகிக் கழற்றினால் டயல் விளிம்பில் ஒரு சின்ன எஃகு நாக்கு தெரியும். அதை நகத்தால் வெளியே இழுத்த பிறகு கிரவுனைத் திருப்பினால் முள் நகரும். பையிலிருந்து எடுக்கும்போது தெரியாமல் நேரம் மாறிவிடக் கூடாது என்பதற்காக ரயில்வேக்கள் கட்டாயமாக்கிய ஏற்பாடு.

அந்த விதிகளுக்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. 1891 ஏப்ரலில் ஒஹாயோ மாநிலத்தின் கிப்டன் ஊரில் இரண்டு ரயில்கள் மோதின. ஓர் எஞ்சின் டிரைவரின் வாட்ச் நான்கு நிமிடம் நின்று மறுபடி ஓடியதுதான் காரணம் என்று சொல்லப்படுகிறது. அதன் பிறகு கிளீவ்லண்ட் நகைக்கடைக்காரர் வெப் பால் வாட்ச் சோதனைகளைப் பொறுப்பேற்று நடத்தினார். 1893 வாக்கில் விதிகள் உருவாயின: மூடியில்லாத கேஸ், 12-க்கு மேலே கிரவுன், 16 அல்லது 18 அளவு, குறைந்தது 17 கல், வாட்ச்சை வைக்கும் ஐந்து நிலைகளில் சரிசெய்தது, வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் பிசகாதது. என் பார்ட்லெட்டில் கல்லும் அளவும் லீவரும் சரி, கிரவுன் தப்பு. ஆக, எஞ்சின் படம் போட்டது ரயில்வே வாட்ச் இல்லை. இதுவும் முழு ரயில்வே வாட்ச் இல்லை. ஆனால் பக்கத்தில் வைத்துப் பேசத் தகுதியானது.

சரி, ஏன் ஓடவில்லை? கிரவுன் முடிவேயில்லாமல் சுற்றியது, இறுக்கமே வரவில்லை. மெயின்ஸ்பிரிங் உடைந்தால் இப்படித்தான் இருக்கும். பேலன்ஸை மெல்ல ஊதினால் தாராளமாக ஆடியது. அச்சின் இரு முனையும் உடையவில்லை என்பதற்கு இது நல்ல அறிகுறி. பழைய வாட்ச் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ஸ்பிரிங் உடைந்தால் வாங்கிப் போடலாம். பேலன்ஸ் அச்சு உடைந்தால் கடைசல் வேலை.

மெஷின் முன்பக்கமாகத்தான் வெளியே வரும். கிரவுனை 'டக்' என்று சத்தம் வரும்வரை இழுத்துவிட்டு, இரண்டு கேஸ் திருகுகளைக் கழற்றினேன். ஸ்பிரிங்கில் மிச்ச முறுக்கு இருக்கலாம் என்று எண்ணி, உடைந்தது தெரிந்தும் முறுக்கு திரும்பாமல் தடுக்கும் கிளிக்கை விடுவித்துப் பார்த்துக்கொண்டேன். முறுக்கோடு தட்டைத் திறந்தால் சக்கரங்களின் பல் போய்விடும். அப்புறம் பேலன்ஸ். பேலன்ஸை மேலிருந்து பிடிக்கும் காக்கின் திருகை எடுத்துத் தூக்கினால் பேலன்ஸ் அதன் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கில் தொங்கிக்கொண்டே வரும். அவசரப்படாமல் கவிழ்த்து வைக்க வேண்டும். இந்தப் பேலன்ஸின் வளையம் வெளியே பித்தளை, உள்ளே எஃகு, இரண்டு இடத்தில் வெட்டு. வெப்பநிலை மாறும்போது வளைந்து நேரத்தைச் சரிக்கட்டுவதற்காக. அதனால் விளிம்பை இடுக்கியால் அழுத்திப் பிடிக்கவே கூடாது.

உள்ளே எண்ணெய் பழுப்பு நிறத்தில் பிசினாக உறைந்திருந்தது. மெயின்ஸ்பிரிங் உள்சுற்றில் ஒடிந்திருந்தது. நடுச்சக்கரத்தைக் கையில் எடுத்தபோது அதன் பினியன், அதாவது அச்சில் இருக்கும் சிறு பல்சக்கரம், தளர்ந்து கழன்று நின்றது. தட்டில் பொறித்திருந்த 'சேஃப்டி பினியன்' வேலை செய்ததன் அடையாளம் இது. ஸ்பிரிங் திடீரென்று ஒடிந்தால் டப்பா பின்பக்கமாக உதைக்கும். அந்த உதையில் பற்களும் அச்சுகளும் நொறுங்கும். வால்தமில் பினியனை அச்சில் மரைபோட்டு மாட்டியிருக்கிறார்கள். வழக்கமாக ஓடும்போது இறுகும், பின்னால் உதைத்தால் கழன்று உதையை வாங்கிக்கொள்ளும். 1865-இல் ஃபாக் என்பவர் பெயரில் காப்புரிமை பெற்ற ஏற்பாடு. அதன் புண்ணியத்தில் ஒரு பல்கூட உடையவில்லை. இதைத் தெரியாதவர் புது ஸ்பிரிங் போட்டுவிட்டு, பினியனை இறுக்காமல் மூடிவிட்டால், முறுக்கு ஏறும், வாட்ச் ஓடாது, காரணமும் பிடிபடாது.

கழுவுவதற்குத் தட்டுகளையும் சக்கரங்களையும் வெள்ளை பெட்ரோலில் ஊறவைத்து, மென்தூரிகையால் தேய்த்து, கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அலசினேன். கல் துளைகளைக் கூராகச் சீவிய மூங்கில் குச்சியால் குடைந்தேன்; குச்சி கறுப்பு வராமல் வெளியே வரும்வரை மறுபடி சீவிச் சீவிக் குடைய வேண்டும். பேலட் ஃபோர்க்கையும் பேலன்ஸையும் ஆல்கஹாலில் போடக் கூடாது. அவற்றின் கற்களைப் பிடித்திருப்பது அரக்கு. ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும், கல் கழன்று விழும். அவை இரண்டுக்கும் லைட்டரில் ஊற்றும் நாஃப்தாவே போதும், அதிலும் கொஞ்ச நேரம்தான். டயல் செம்புத் தகட்டில் சுட்ட எனாமல். அதிலிருந்த கீறல்களில் அழுக்கு ஏறியிருந்தது. பல்செட் கழுவும் மாத்திரையைக் கரைத்த தண்ணீரில் போட்டதும் வெளுத்தது. சுட்ட எனாமலுக்கு மட்டும்தான் இந்த வைத்தியம். அச்சிட்ட உலோக டயலை நனைத்தால் எழுத்தோடு போய்விடும்.

புது மெயின்ஸ்பிரிங் வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டியிருந்தது. உள்ளே இருந்தது நீலம் பூத்த கார்பன் எஃகு. இப்போது கிடைக்கும் வெள்ளைக் கலவை துருப்பிடிக்காது, சுலபத்தில் ஒடியாது. ஸ்பிரிங்கை விரலால் திணித்தால் சுருள் கோணிவிடும், அதனால் விண்டர் கருவியால் சுற்றி டப்பாவில் இறக்கினேன். எண்ணெய் விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது. வேகமாக ஓடும் சிறு அச்சுகளுக்கு மோபியஸ் 9010, மெதுவாகச் சுழலும் பெரிய அச்சுகளுக்கு டி5, பேலட் கல்லின் முகத்தில் 9415. பேலட் ஃபோர்க்கின் அச்சுக்கு எண்ணெயே கிடையாது. தையல் மிஷின் எண்ணெய் விட்ட வாட்ச்களை நான் திறந்திருக்கிறேன். எல்லாத் துளையிலிருந்தும் பரவி ஹேர்ஸ்பிரிங்கில் ஒட்டியிருக்கும்.

ஃபுல் பிளேட்டில் கஷ்டமான வேலை மூடுவதுதான். அத்தனை அச்சும் ஒரே சமயத்தில் அததன் துளையில் இறங்க வேண்டும். மேல்தட்டைக் கவிழ்த்துப் பிடியில் வைத்து, அதில் சக்கரங்களையும் ஃபோர்க்கையும் நிறுத்தி, தூண்கள் உள்ள தட்டை மேலிருந்து இறக்குவது ரிப்பேர்காரர்களின் பழைய முறை. விரலால் லேசாகத் தாங்கி, இடுக்கி முனையால் ஒவ்வோர் அச்சாகத் தள்ளி உட்கார வைத்தேன். தட்டு தானாகக் கீழே உட்காரும்வரை ஒரு திருகையும் முறுக்கக் கூடாது. திருகால் இழுத்து உட்கார வைத்தால் அச்சு முனை போயே போச்சு.

பேலன்ஸை மாட்டியதும் ஓட ஆரம்பித்தது. ஆனால் தாறுமாறாக முந்தியது, ஒரு மணி நேரத்தில் பல நிமிடம். திசைகாட்டியைப் பக்கத்தில் வைத்ததும் அதன் முள் பேலன்ஸோடு சேர்ந்து துடித்தது. எஃகு ஹேர்ஸ்பிரிங் காந்தமேறி, சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. காந்தநீக்கியின் மேல் வைத்து, பொத்தானை அழுத்தியபடியே மெல்லத் தூக்கி விலக்கினேன், சரியாயிற்று. இதற்கு முன்னால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரைத் தள்ளிச் சரிசெய்ய முயன்றிருந்தால் வீண்வேலை.

இந்த மெஷின் மணிக்கு 18,000 அடி, அதாவது விநாடிக்கு ஐந்து. மொபைலில் டிக் சத்தத்தைக் கேட்டு வேகத்தை அளக்கும் டைம்கிராஃபர் செயலியைத் திறந்து மைக் அருகே வைத்துப் பார்த்ததில், டயல் மேலே இருக்கும்போது நாளுக்கு 12 விநாடி முந்துகிறது. கிரவுன் மேலே இருக்கும்படி நிறுத்தினால் 20 விநாடி பிந்துகிறது. நூறு வயதுக்கு மேல் ஆன மெஷினுக்கு இது எனக்குப் போதும். பகலெல்லாம் பையில் நிற்கும், ராத்திரி மேசையில் படுத்துக் கிடக்கும். ஒன்றை ஒன்று கொஞ்சம் ஈடுகட்டும். கேஸுக்குப் பாலிஷ் போடவில்லை, போடப்போவதும் இல்லை. ஹண்டர் கேஸ் தேடி மாற்றும் எண்ணமும் இல்லை: அந்த இரண்டாவது ஜோடித் தடம் இந்த வாட்ச்சின் வரலாற்றுக்கு இருக்கும் ஒரே சாட்சி. முன்கண்ணாடிக்கு மட்டும் சரியான அளவில் ஒன்று வாங்க வேண்டும். ராஸ்கோஃபுக்குப் பேலட் ஊசி இரண்டையும் பிடுங்கிவிட்டு ஊசிக்கம்பியை வெட்டிப் போட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். ஓடினால் அதையும் எழுதுகிறேன்.